யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

நகைச்சுவையை ஆராய்ந்து எழுதுவோர் நம்மிடையே மிகச் சிலர். அவலத்தை ஆராய்வது அறிஞர் தொழில் என்றும், சிரிப்பை ஆராய்வது பொழுதுபோகாதவர் தொழில் என்றும் ஓர் எண்ணம் நம் இலக்கிய உலகில் நிலைத்துவிட்டது. அதிலும், சிறுவர் பார்க்கும் கார்ட்டூன் தொடர் ஒன்றை முன்வைத்து முற்போக்குச் சஞ்சிகையில் கட்டுரை எழுதினால், ‘எழுத வேறு பொருளா இல்லை?’ என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அவர்கட்கு முதலிலேயே விடை கூறிவிடுவது நல்லது.

வட்டவளையில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் நாள் முழுவதும் விடாது. இடைவேளையில் முற்றத்தில் ஓடி விளையாட முடியாத பிள்ளைகள் வகுப்பறைக்குள்ளேயே அடைந்து கிடப்பார்கள். அவ்வேளைகளில் நம் செவிக்கு எட்டும் குரல்களில் ஒன்று தோட்டத்துக் குரலன்று. மூக்கால் இழுத்து, சொற்களை நீட்டி, பெரியவர்களை நையாண்டி செய்யும் ஐந்து வயதுப் பையனின் குரல் அது. எட்டாந்தரத்து மாணவன் ஒருவன் அக்குரலில் பேசுவான், வகுப்பே சிரிக்கும். அவன் பேசுவது ஷின்சானின் குரலில்.

லயத்துக் காம்பராவில் சமையல், படுக்கை, படிப்பு எல்லாம் ஓரிடத்தில்தான். அங்கேதான் தொலைக்காட்சிப் பெட்டியும் இருக்கிறது. கூரைத் தகரத்தின் ஓரத்தில் அலைவாங்கித் தட்டும் இருக்கிறது. தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்காகத் தமிழில் குரல் கொடுக்கப்பட்ட ஜப்பானியக் கார்ட்டூன் அந்தத் தட்டின் வழியே மலைநாட்டுக்கும் வந்து சேர்ந்தது. இன்று கைப்பேசியிலும் துண்டு துண்டாகப் பார்க்கிறார்கள். ஒற்றை அறையில் குழந்தை தனியாக எதையும் பார்ப்பதில்லை. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த தாயும், பாட்டியும், வேலை தேடிக்கொண்டிருக்கும் அண்ணனும் உடன் பார்க்கிறார்கள். நாம் போற்றும் நாவல்கள் நுழையாத வீடுகளுக்குள் ஷின்சான் நுழைந்திருக்கிறான். மக்களிடம் சென்று சேர்ந்த எந்தக் கலைப் பொருளும் விமர்சனத்துக்கு உரியது. அந்த உரிமையோடுதான் அவனை இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

2

ஷின்சான் பிறந்த கதையைச் சிறிது அறிந்துகொள்வோம். 1990-ஆம் ஆண்டு யோஷிதோ உசுயி என்னும் ஓவியர் ஜப்பானிய வார இதழ் ஒன்றில் ‘குரேயோன் ஷின்சான்’ என்ற சித்திரக் கதையைத் தொடங்கினார். அவ்விதழ் சிறுவர் இதழன்று, வளர்ந்தோருக்கானது. இதை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். 1992 ஏப்ரலில் அசாஹி தொலைக்காட்சி அதனைக் கார்ட்டூன் தொடராக்கியது. உசுயி 2009-இல் மலையேறச் சென்றவிடத்தில் விழுந்து இறந்தார். அவர் படைத்த பையன் மட்டும் அன்றும் இன்றும் ஐந்து வயதிலேயே நிற்கிறான்.

கதைக்களம் தோக்கியோவுக்கு வடக்கே சைத்தாமா மாநிலத்துக் கசுகாபே நகரம். தந்தை ஹிரோஷி நாள்தோறும் நெரிசல் இரயிலில் தலைநகருக்குப் போய்வரும் கம்பெனிச் சிப்பந்தி. தாய் மிசாயே வீட்டு வேலை முழுவதையும் ஒருத்தியாய்ச் சுமப்பவள். ஷின்சானுக்குப் பின் பிறந்த தங்கை ஹிமாவாரி. ஷிரோ என்றொரு வெள்ளை நாய். வீடு கடனில் வாங்கியது. அக்கடன் அடைபட இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகும் என்பது தொடரில் திரும்பத் திரும்ப வரும் பேச்சு.

ஷின்சான் 2006-இல் ஹங்காமா தொலைக்காட்சி வழியே இந்தியாவுக்கு வந்தான். தமிழும் பேசினான். அவன் பெரியவர்களை எதிர்த்துப் பேசுகிறான், உடையவிழ்த்து ஆடுகிறான், பெண்களைக் கண்டால் பல்லிளிக்கிறான் என்று பெற்றோர் முறையிட்டனர். 2008-இல் இந்திய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சு தொடரை நிறுத்தியது. 2009-இல் பல காட்சிகள் வெட்டப்பட்ட நிலையில் அது மீண்டும் வந்தது. ஜப்பானிலேயே, தங்கள் பிள்ளைகள் பார்க்கக் கூடாதென்று பெற்றோர் சொல்லும் நிகழ்ச்சிகளின் பட்டியலில் அது பல ஆண்டுகள் முன்னணியில் நின்றதுண்டு. இத்தனைக்குப் பின்னரும் அவன் செல்வாக்குக் குறையவில்லை. 2025-இல் இந்தியாவையே களமாகக் கொண்ட ஷின்சான் திரைப்படம் ஒன்றை ஜப்பானியர் வெளியிட்டது, இங்குள்ள இரசிகர் கூட்டத்தின் பெருக்கத்துக்குச் சான்று.

3

இவ்விரசிகர்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. அவர்களுடைய கருத்துகளை மூன்றாக வகுக்கலாம்.

சிறுவயதில் ஷின்சானைப் பார்த்து வளர்ந்து இன்று இருபது முப்பது வயதில் இருப்பவர்கள் ஒரு சாரார். ‘ஒன்றையும் வெட்டாதீர்கள், குழந்தைக்குக் கபடம் தெரியாது, அவன் செய்வதில் அசிங்கம் காண்பவன் மனத்தில்தான் அசிங்கம் இருக்கிறது’ என்பது இவர்கள் வாதம். ‘மூலச் சித்திரக் கதை பெரியவர்களுக்காக எழுதப்பட்டது, அதைச் சிறுவர் அலைவரிசையில் போட்டது போட்டவர் குற்றம்’ என்றும் இவர்கள் கூறுவர். ஒரே மூச்சில் இவ்விரண்டையும் கூறும்போது தம் வாதம் தம்மையே மறுப்பதை இவர்கள் கவனிப்பதில்லை. கபடமற்ற குழந்தைச் சேட்டை என்றால் அது பெரியவர்களுக்கென எழுதப்பட வேண்டிய தேவை என்ன?

பெற்றோர், ஆசிரியர் பலரும் இரண்டாம் சாரார். ‘பிள்ளைகளைக் கெடுக்கும் தொடர், தடை செய்ய வேண்டும்’ என்பது இவர்கள் முடிவு. இவர்களில் பலர் ஒரு கதையையும் முழுதாகப் பார்த்தவர் அல்லர். பிள்ளை எதிர்த்துப் பேசியது மட்டுமே இவர்களைச் சுடுகிறது.

மூன்றாம் சாரார் பெரும்பாலும் பெண்கள். நம் மாணவியரும் இவர்களுள் அடங்குவர். இவர்கள் ஷின்சானை விரும்புகிறார்கள். அவன் குடும்பத்தைத் தம் குடும்பம்போல் அறிவார்கள். ஆனால் ஒரு சில காட்சிகள் வரும்போது அறையில் தந்தையோ அண்ணனோ இருந்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறார்கள். விருப்பமும் கூச்சமும் கலந்த இந்த நிலையை விளக்கும் சொல் அவர்களிடம் இல்லை. முதலிரு சாராரின் ஆரவாரத்தில் இவர்கள் குரல் கேட்பதுமில்லை.

கார்ட்டூன் இரசிகர்களிடையே ‘ஃபேன் சர்வீஸ்’ என்றொரு சொல் வழங்குகிறது. கதைக்குத் தேவையில்லாவிட்டாலும், பார்ப்போரைப் பிடித்து வைப்பதற்காக இடையிடையே எறியப்படும் தீனிக்கு அது பெயர். நடைமுறையில் பெரும்பாலும் பெண்ணுடலே அத்தீனி. இதைச் சேவை என்று அழைப்பதிலேயே சந்தையின் தந்திரம் வெளிப்படுகிறது. நாம் இதனை இரசிகத் தீனி என்றே அழைப்போம். ஷின்சான் தொடரில் வரும் சிரிப்பில் எது கலை, எது தீனி என்று பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

4

நகை பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் நான்கைக் காட்டுவார். பிறரை இகழும் எள்ளலும், பிள்ளைத்தன்மையாகிய இளமையும் அவற்றுள் இரண்டு. ஏனையிரண்டும் அறியாமையின் வகைகள். நம் மெய்ப்பாட்டியல் கூறும் இப்பாகுபாடு ஜப்பானியக் கார்ட்டூனுக்கும் பொருந்தி நிற்பது வியப்பன்று. சிரிப்பின் வேர் எங்கும் ஒன்றே. ஷின்சான் தொடரின் வலிமையும் குறையும் எள்ளலும் இளமையும் அங்கு கலந்திருக்கும் விதத்தில் இருக்கின்றன.

முதலில் வலிமையைக் காண்போம். பெரியவர்கள் தம் வாழ்வின் மேல் போர்த்தியிருக்கும் போர்வையை ஒரு குழந்தை தன்னையறியாது இழுத்துவிடுகிறது. அங்கே உள்ளிருக்கும் உண்மை தெரிகிறது. விருந்தினர் முன் தாய் செல்வச் செழிப்புள்ளவள் போல் பேசிக்கொண்டிருப்பாள். மலிவு விற்பனையில் முட்டி மோதி வாங்கிய பொருளின் விலையை ஷின்சான் சொல்லிவிடுவான். பாலர் பாடசாலை ஆசிரியை மத்சுசாகா பகட்டான உடை அணிவாள். அவள் வாழும் இடமோ வாடகை மலிந்த சிறு வீடு. பாடசாலை அதிபரின் முகம் கொள்ளைக் கூட்டத் தலைவனின் முகம் போல் இருக்கிறது. பிள்ளைகள் அவரைத் தலைவரே என்றழைக்கிறார்கள். அவரோ எறும்புக்கும் தீங்கு நினையாதவர். கசாமா என்ற சிறுவன் ஐந்து வயதிலேயே தனிவகுப்புக்குப் போகிறான். பெரிய மனிதன் போல் பேசுகிறான். ஒரு மாயப் பெண் பொம்மையின் மேல் தனக்குள்ள ஆசையை எவருக்கும் தெரியாமல் ஒளித்து வைக்கிறான். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பிள்ளைப்பருவத்தை அடகு வைக்கும் நம் நாட்டுப் பெற்றோர்க்குக் கசாமா அந்நியன் அல்லன்.

நேனே என்ற சிறுமியைப் பாருங்கள். மற்றச் சிறுமியர் மண்சோறு சமைத்து விளையாடுகையில், இவள் விளையாடும் ‘வீட்டு விளையாட்டில்’ கணவன் கடன்பட்டு வருகிறான், மனைவி சண்டையிடுகிறாள், குடும்பம் பிரிகிறது. நண்பர்கள் நடுங்கியபடியே அதில் நடிக்கிறார்கள். அவளுடைய தாய் எல்லோரிடமும் இனிமையாகச் சிரித்துவிட்டு, தனியறைக்குப் போய்த் துணி முயல் பொம்மையைக் குத்துகிறாள். இக்காட்சிகளில் நாம் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். சிரித்து முடித்தபின், அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது, அது ஏன் பொம்மையின் மேல் விழுகிறது என்று எண்ணுகிறோம். எண்ணத் தூண்டும் சிரிப்பே உயர்ந்த நகைச்சுவை.

இத்தொடரில் நிலையாக வரும் கேலி ஒன்று உண்டு: தந்தையின் காலுறை நாற்றம். மிக மலிவான கேலி என்று ஒதுக்கத் தோன்றும். ஆனால் 2001-இல் கெய்ச்சி ஹாரா இயக்கிய ஷின்சான் திரைப்படத்தைக் கண்டவர்கள் அப்படி ஒதுக்க மாட்டார்கள். அப்படத்தில் ஒரு கூட்டத்தார் கடந்த நூற்றாண்டின் இனிய நினைவுகளைக் காட்டிப் பெரியவர்களை மயக்குகிறார்கள். 1970-ஆம் ஆண்டு ஒசாகாவில் நடந்த உலகப் பொருட்காட்சிக்குப் போன பிள்ளைகளாகவே பெரியவர்கள் மாறிவிடுகிறார்கள். தம் குழந்தைகளை மறந்து பழமைக்குள் ஓடுகிறார்கள். மயங்கிக் கிடக்கும் தந்தையின் மூக்கில் ஷின்சான் அவருடைய சப்பாத்தையே பிடிக்கிறான். அந்த நாற்றத்தில் அவர் வாழ்க்கை முழுவதும் திரும்பி வருகிறது. தகப்பனின் துவிச்சக்கர வண்டியில் பின்னால் அமர்ந்து போன சிறுவன், வேலைக்கு வந்த இளைஞன், திருமணம், பிள்ளை பிறந்த நாள், வெயிலில் நடந்து களைத்த கால்கள், வீட்டு வாசலில் காத்திருக்கும் குடும்பம். அவர் அழுகிறார். உழைத்தவன் காலின் நாற்றம் அவனை இன்றைய வாழ்வுக்கு மீட்கிறது. பல்லாண்டுக் கேலி ஒன்றை உழைப்பின் மாண்பாக மாற்றிய அக்காட்சியை எந்த முற்போக்கு எழுத்தாளனும் பொறாமையோடு பார்க்கலாம். ‘பொற்காலம்’ பேசிப் பழமைக்குள் புதைவோருக்கு எதிரான அரசியலும் அதில் அடங்கியிருக்கிறது.

இத்தகைய சிரிப்பு நமக்குப் புதிதன்று. தெருக்கூத்தில் கட்டியங்காரன் அரசனுக்குப் பக்கத்திலேயே நின்று அரசனைக் கேலி செய்வான். கங்காணியையும் துரையையும் எதிரே நின்று எதிர்க்க முடியாத காலத்தில் மலைநாட்டுத் தொழிலாளர் அவர்களைப் பாட்டில் எள்ளினர். அப்பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளையின் பணியை நாம் மறக்கலாகாது. சார்லி சாப்ளின் 1936-இல் ‘மாடர்ன் டைம்ஸ்’ படத்தில் இயந்திரப் பற்களுக்குள் அகப்பட்ட தொழிலாளியைக் காட்டி உலகைச் சிரிக்க வைத்தார். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் மூடநம்பிக்கையைச் சிரிப்பால் அடித்தார். இவர்களுடைய சிரிப்பு கீழிருந்து மேல்நோக்கிச் சென்றது. அடிபட்டது ஆதிக்கமும் போலித்தனமுமே. ஷின்சானின் சிறந்த கணங்கள் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை.

5

இனி மறுபக்கத்துக்கு வருவோம். இளம்பெண் ஒருத்தி தெருவில் வருகிறாள். ஷின்சானின் கண்கள் சுருங்குகின்றன, குரல் குழைகிறது, வளர்ந்த ஆண்கள் பேசும் அசட்டுப் பேச்சை அவன் பேசுகிறான். இக்காட்சி ஆயிரம் தடவை வந்திருக்கும். அடுத்து, தாய் மிசாயேயின் உடல் பருமனும் மார்பும் வயதும் கேலிப் பொருளாகின்றன. மத்சுசாகா ஆசிரியைக்குத் திருமணமாகாதது மற்றொரு கேலி. பெண்மை கலந்த நடையுடை உடைய ஆண்கள் வந்தால், அவர்கள் தோன்றுவதே சிரிப்புக்குப் போதும் என்று வைத்திருக்கிறார்கள்.

முதற்சாரார் இங்கே ஒரு நியாயமான வாதத்தை எடுத்து வைப்பதுண்டு. ‘ஷின்சான் பெண்களிடம் பல்லிளித்து ஒருநாளும் வென்றதில்லை. அந்தப் பெண்கள் அவனைப் பொருட்படுத்தாது போய்விடுகிறார்கள். அங்கு கேலிக்குள்ளாவது பெண்ணல்ல, பல்லிளிக்கும் ஆண்தான்’ என்பர். இதை முற்றாக மறுப்பதற்கில்லை. ஷின்சான் இளிப்பதும் அவன் தந்தை இளிப்பதும் ஒரே மாதிரி இருப்பதைக் காட்டி, தந்தையைத் தாய் காதைத் திருகி இழுத்துச் செல்லும் இடங்களில் உண்மையாகவே ஆண்மகனின் அசட்டுத்தனம் கேலிக்குள்ளாகிறது. ஐந்து வயதுப் பையன் இதை எங்கே கற்றான் என்ற கேள்விக்கு அங்கே விடையும் கிடைக்கிறது.

ஆனால் எல்லா இடங்களிலும் அப்படி நடக்கவில்லை. நம் பாடசாலைத் தமிழ் மன்றத்தில் ஒருநாள் இத்தொடரைப் பற்றிய கலந்துரையாடலை வைத்தோம். மாணவர்கள் உற்சாகமாகப் பேசினார்கள். இறுதியில் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். ‘ஷின்சான் என்ன நினைக்கிறான் என்று காட்டுகிறார்கள், சேர். அவன் அப்பா என்ன நினைக்கிறார் என்றும் காட்டுகிறார்கள். ரோட்டில் போன அந்த அக்கா வீட்டுக்குப் போய் என்ன நினைத்தாள் என்று ஒருநாளும் காட்டவில்லையே?’ என்றாள்.

நாம் படித்த விமர்சன நூல்கள் பலவற்றைவிட இக்கேள்வி ஆழமானது. நேனேயின் தாய்க்கு ஒரு தனியறை கொடுத்து, அவள் கோபத்தைக் காட்டிய அதே படைப்பாளி, தெருவில் போன பெண்ணுக்கு ஒரு மனத்தைக் கொடுக்கவில்லை. அவள் வருகிறாள், பார்க்கப்படுகிறாள், போகிறாள். கதை அவள் கண்ணால் ஒரு கணமும் பார்ப்பதில்லை. பார்ப்பதற்கென்றே ஒருத்தி வரையப்படும்போது, அவள் கதைமாந்தர் ஆவதில்லை, தீனியாகிவிடுகிறாள். கலையும் தீனியும் பிரியும் எல்லை இதுவே.

அந்தக் கண்ணும் குழந்தையின் கண்ணன்று. இதழை விலை கொடுத்து வாங்கும் வளர்ந்த ஆணின் கண் அது. குழந்தையின் முகமூடியை அணிந்திருக்கிறது. பெரியவன் ஒருவன் அப்படிப் பேசினால் நாம் முகஞ்சுளிப்போம். குழந்தை பேசுவதால் சிரித்து மன்னிக்கிறோம். தொல்காப்பியர் சொல்லைக் கொண்டு கூறுவதானால், இளமை என்னும் வாயில் வழியே எள்ளல் நுழைந்துவிடுகிறது. ‘குழந்தைக்குக் கபடம் தெரியாது’ என்பது உண்மைதான். ஆனால் குழந்தையை வரைந்தவருக்கும், வெளியிட்டவருக்கும், விளம்பரம் விற்றவருக்கும் கபடம் தெரியாதா?

6

அப்படியானால் தடை செய்தல் சரிதானே என்று இரண்டாம் சாரார் கேட்பார்கள். சரியன்று.

2009-இல் வெட்டப்பட்டு வந்த தொடரை எண்ணிப் பாருங்கள். கத்தரி உடையற்ற உடலைத் தேடியது. உடல் போயிற்று, ஏளனம் இருந்துவிட்டது. குளிக்கும் ஐந்து வயதுப் பையனின் பின்புறத்தைக் காட்டுவதில் எவருக்கும் தீங்கில்லை, அதை வெட்டினார்கள். தாயைப் பருமன் என்று இழிக்கும் வசனத்தில் தீங்குண்டு; அதில் உடையவிழ்ப்பு இல்லாததால் கத்தரிக்கு அது தெரியவேயில்லை. தணிக்கையாளர் அறிந்த ஒழுக்கம் தோலளவு ஒழுக்கம்.

மேலும், இம்முறையீட்டில் ஒரு போலித்தனமும் இருக்கிறது. ஷின்சானைத் தடை செய்யக் கோரும் அதே வீட்டில், மாலையில் தமிழ்ச் சினிமாவின் நகைச்சுவைக் காட்சிகளை மட்டும் நாள் முழுதும் காட்டும் அலைவரிசை ஓடுகிறது. அங்கே கறுத்த பெண் வந்தால் சிரிப்பு. பருத்த பெண் வந்தால் சிரிப்பு. மனைவியை அடித்தால் சிரிப்பு. திருநங்கை வந்தால் அதைவிடச் சிரிப்பு. அதைக் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கிறோம். பெரியவர்களை எதிர்த்துப் பேசும் சிரிப்பு நமக்குக் குற்றமாகவும், எளியவர்களை இகழும் சிரிப்பு பொழுதுபோக்காகவும் தோன்றுகிறதென்றால், நாம் காக்க விரும்புவது பிள்ளைகளின் ஒழுக்கத்தையா, பெரியவர்களின் அதிகாரத்தையா?

கத்தரியைவிடச் சிறந்த வழியும் உண்டு. 1982-இல் ரூபவாகினி தொடங்கப்பட்ட பின், டைட்டஸ் தொட்டவத்த என்ற கலைஞர் அந்நியக் கார்ட்டூன்களைச் சிங்களத்துக்குக் கொண்டுவந்தார். ‘பிஸ்ஸு பூஸா’வும் ‘தொஸ்தர ஹொந்த ஹித்த’வும் பார்த்து வளர்ந்த சிங்கள நண்பர்கள் இன்றும் அவரை நன்றியோடு நினைப்பதை நாம் கேட்டிருக்கிறோம். அவர் சொல்லுக்குச் சொல் பெயர்க்கவில்லை; தம் மக்களின் பேச்சையும் பாட்டையும் கேலியையும் பூனைக்கும் மருத்துவருக்கும் ஊட்டினார். குரல் கொடுப்பது மறுபடைப்பு என்பதை அவர் செயலில் காட்டினார். தமிழிலும் திறமைமிக்க குரற்கலைஞர்கள் இருக்கிறார்கள். ஷின்சான் தமிழ்ப் பிள்ளையாகவே கொள்ளப்படுவதற்கு அவர்களே காரணர். ஒரு வசனத்தை எழுதும்போது, இச்சிரிப்பு யார் மேல் விழுகிறது என்று அவர்கள் ஒரு கணம் நின்று எண்ணினால், வெட்ட வேண்டியது மிகக் குறைவாகவே இருக்கும்.

7

இவ்வளவு பேசுவதற்குக் காரணமான ஒரு நிகழ்ச்சியைக் கூறி முடிப்போம். நம் வகுப்பில் ஒரு மாணவிக்கு அவள் உடலைக் குறித்துப் பையன்கள் பட்டப்பெயர் வைத்தார்கள். ஷின்சான் தன் தாயைக் கேலி செய்யும் அதே இழுப்பில் அதைச் சொன்னார்கள். வகுப்பு சிரித்தது. அவள் இரண்டு நாள் பாடசாலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் அவளுடைய தாய் மலையில் பாதி நாள் பேரை விட்டுவிட்டு, மழைக்குக் கட்டிய படங்குச் சேலையோடு வந்து நின்றாள். ‘பிள்ளைகள் சும்மா விளையாட்டுக்குத்தான் சொல்லியிருக்கும், சேர். ஆனால் இவள் படிப்பை விட்டுவிட்டால் அப்புறம் கூடையைத்தானே தூக்க வேண்டும்’ என்றாள்.

அந்தத் தாயை எண்ணிப் பாருங்கள். அதிகாலையில் எழுந்து சமைத்து, பெரட்டுக்குப் போய், நாள் முழுதும் சரிவில் நின்று கொழுந்தெடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, இருட்டும் வேளையில் வந்து மீண்டும் அடுப்பு மூட்டுகிறாள். ஜப்பானிய மிசாயேக்கும் இவளுக்கும் வாழ்க்கை வசதியில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. ஆயினும், வீட்டில் செய்யும் வேலைக்குக் கணக்கும் இல்லை, ஓய்வும் இல்லை என்பதில் இருவரும் உடன்பிறந்தோர். அவர்களுடைய உடலைத் தேயவைத்த உழைப்பைப் பற்றிப் பேசாமல், தேய்ந்த உடலைப் பார்த்து மட்டும் சிரிக்கக் கற்றுக்கொடுப்பதே இரசிகத் தீனியின் கொடுமை.

மலைநாட்டுப் பெண்ணுக்குப் பிறர் பார்வைக்குப் பொருளாவது புதிதுமன்று. தேயிலைப் பெட்டியின் மேலும், உல்லாசப் பயணிகளை அழைக்கும் விளம்பரங்களிலும் கூடையோடு சிரிக்கும் ஒரு பெண்ணின் படம் நெடுங்காலமாக விற்கப்படுகிறது. அங்கும் அவள் பார்க்கப்படுகிறாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எவரும் கேட்பதில்லை. மாணவி கேட்ட கேள்வியை அந்தப் படத்துக்கு முன்னும் கேட்கலாம். கார்ட்டூனில் தொடங்கிய ஆராய்ச்சி எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்!

நாம் ஷின்சானைத் துரத்தச் சொல்லவில்லை. அந்தச் சப்பாத்து நாற்றத்தில் அழுத தந்தையை நம் பிள்ளைகள் பார்க்க வேண்டும்; நேனேயின் தாய் குத்தும் பொம்மையைப் பார்க்க வேண்டும்; அதிகாரத்தின் போலி முகத்தைக் கண்டு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். அத்தோடு, சிரித்து முடித்தபின் யார் தலை குனிந்திருக்கிறார் என்று திரும்பிப் பார்க்கவும் அவர்கள் கற்க வேண்டும். இதைத் தணிக்கை கற்பிக்காது. இரசிக வழிபாடும் கற்பிக்காது. வகுப்பறையில், தமிழ் மன்றத்தில், வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் ஆசிரியரும் பெற்றோரும் பிள்ளைகளோடு அமர்ந்து பேசுவதால்தான் அது வரும்.

அந்த மாணவி வகுப்புக்குத் திரும்பி வந்தாள். பையன்களுக்குத் தண்டனை ஏதும் கொடுக்கவில்லை. மன்றத்தின் அடுத்த கூட்டத்தில், தெருவில் போன அந்த அக்கா வீட்டுக்குப் போனபின் நடந்ததைக் கதையாக எழுதி வருமாறு அவர்களிடம் சொன்னோம். பதினோரு பேர் எழுதி வந்தார்கள். அவற்றுள் நான்கில் அந்த அக்காவுக்குத் தாயொருத்தி இருந்தாள். அவள் கொழுந்தெடுத்துவிட்டு வந்து அடுப்படியில் அமர்ந்திருந்தாள். பட்டப்பெயரை முதலில் சொன்ன பையனின் கதையும் அந்நான்கில் ஒன்று.